ஒப்பந்தப்புள்ளி கோரும் துறைத் தலைவர்களுக்கு ஓர் ஆலோசகரின் திறந்த மடல்

மதிப்பிற்குரிய அரசுத் துறைச் செயலாளர்களுக்கும் துறைத் தலைவர்களுக்கும்,

வணக்கம்.

அரசு அலுவலகங்களிலும் தனியார் நிறுவனங்களிலும் வேலை நடக்கும் முறையை ஆராய்ந்து, அதைத் திருத்தி அமைத்துத் தருவதே இருபது ஆண்டுகளுக்கும் மேலாக என் பிழைப்பு. உங்கள் ஒப்பந்தப்புள்ளி ஆவணங்களில் இதற்குச் 'செயல்முறை மறுசீரமைப்பு' என்று பெயர். எங்கள் வட்டாரத்தில் 'பி.பி.ஆர்.' என்போம். தாலுகா அலுவலகத்தில் எங்களைப் பார்க்கும் எழுத்தர்களோ 'கம்ப்யூட்டர் கம்பெனிக்காரங்க வந்திருக்காங்க' என்பார்கள். இந்த மூன்று பெயர்களில் உண்மைக்கு மிக அருகில் இருப்பது கடைசிப் பெயர்தான் என்ற வருத்தமே இந்த மடலை எழுத வைத்தது. வேலையின் முறையை மாற்ற வந்தவர்களாக எங்களை எவரும் எண்ணுவதில்லை. மென்பொருள் வாங்குவதற்கு முன்பு சம்பிரதாயத்துக்கு வந்து போகிறவர்களாகவே எண்ணுகிறார்கள். அதற்கு நாங்களும் காரணம், எங்களை அமர்த்தும் உங்கள் ஒப்பந்தங்களும் காரணம். என் தொழிலைப் பற்றிய குறையை நானே எழுதுவதால் சக ஆலோசகர்கள் சிலருக்குக் கோபம் வரலாம், வரட்டும்.

ஒரு துறை ஆலோசகரை அமர்த்தும்போது வழக்கமாக நான்கு அறிக்கைகள் கேட்கப்படுகின்றன. முதலாவது தொடக்க அறிக்கை. அடுத்தது, இப்போது வேலை எப்படி நடக்கிறது என்று படம் போட்டுக் காட்டும் நிலவர அறிக்கை. நாங்கள் அதை 'அஸ்-இஸ்' என்போம். மூன்றாவது, இனி எப்படி நடக்கலாம் என்று சொல்லும் 'டு-பி' அறிக்கை. நான்காவது, அதற்கேற்ற மென்பொருளில் என்னென்ன இருக்க வேண்டும் என்ற பட்டியல். ஒவ்வோர் அறிக்கையும் ஏற்கப்பட்டவுடன் கட்டணத்தில் ஒரு பங்கு விடுவிக்கப்படும். மூன்றாவது அறிக்கையில் சொன்னது பிறகு அலுவலகத்தில் நடந்ததா என்று பார்த்துப் பணம் தரும் பிரிவு எதையும் நான் கையெழுத்திட்ட அரசு ஒப்பந்தங்களில் கண்டதில்லை. எனவே எங்கள் அக்கறை முழுவதும் அறிக்கை ஏற்கப்படுவதில் இருக்கிறது. எவரையும் சங்கடப்படுத்தாத அறிக்கைதான் விரைவில் ஏற்கப்படும் என்பது இந்தத் தொழிலில் முதல் ஆண்டிலேயே தெரிந்துவிடும் பாடம்.

அப்படி விரைவில் ஏற்கப்பட்ட என் அறிக்கை ஒன்றின் கதையை இங்கே சொல்லியாக வேண்டும். மேற்கு மாவட்டம் ஒன்றில், வருவாய்த் துறைச் சான்றிதழ்கள் வழங்கும் முறையைப் படம் பிடிப்பதற்காக ஒரு கிராம நிர்வாக அலுவலரின் மேசையருகே இரண்டு நாள் உட்கார்ந்திருந்தேன். பிளஸ் டூ முடிவுகள் வந்து கல்லூரிச் சேர்க்கை நெருங்கிய ஜூன் மாதம் அது; மனுக்கள் குவிந்து கிடந்தன. ஓர் அம்மா தம் மகளுக்கு முதல் பட்டதாரி சான்றிதழ் கேட்டு இ-சேவை மையத்தில் பதிவு செய்துவிட்டு, நேரிலும் வந்திருந்தார். அந்த வீட்டில் அதற்கு முன் எவரும் பட்டம் பெறவில்லை என்பதை அலுவலர் உறுதி செய்ய வேண்டும். அவர் கணினித் திரையைப் பார்க்கவில்லை. தலையை நிமிர்த்தி, "அண்ணன்காரன் பாலிடெக்னிக்தானே முடிச்சான், காலேஜ் போகலியே?" என்று கேட்டார். "இல்லீங்க சார், அவன் மில்லுக்குப் போறான்" என்று அந்த அம்மா சொன்னார். பக்கத்தில் நின்றிருந்த கிராம உதவியாளர் ஆமோதித்துத் தலையசைத்தார். அலுவலர் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு நீள நோட்டை எடுத்து, மனு எண்ணை எழுதி, எதிரே 'விசாரித்தேன்' என்று குறித்துக்கொண்டார். அந்த ஒரு நிமிடத்தில் நடந்ததுதான் சரிபார்ப்பு.

அதற்குப் பின் மனு வருவாய் ஆய்வாளருக்குப் போகும், அங்கிருந்து துணை வட்டாட்சியருக்குப் போகும். எங்கள் படத்தில் இவை மூன்றும் ஒரே அளவில் வரைந்த மூன்று கட்டங்கள். மூன்றிலும் 'சரிபார்த்தல்' என்றே எழுதியிருந்தோம். ஆய்வாளர் எதைச் சரிபார்க்கிறார் என்று அவரிடமே கேட்டேன். கிராம நிர்வாக அலுவலர் என்ன எழுதியிருக்கிறார் என்று பார்ப்பதாகச் சொன்னார். துணை வட்டாட்சியரிடம் கேட்டபோது, கீழே இருவரும் பரிந்துரைத்திருக்கிறார்களா என்று பார்ப்பதாகச் சொன்னார். இருவரும் நேர்மையான மனிதர்கள், ஒளிவுமறைவின்றியே பதில் சொன்னார்கள். மனுதாரரைப் பற்றிய புதிய தகவல் எதுவும் இரண்டாவது, மூன்றாவது கட்டங்களில் சேர்வதில்லை என்பது அவர்களுக்கும் தெரியும். அந்த அம்மாவின் மனு இரண்டாவது கட்டத்தில் திரும்பிவிட்டது. குடும்ப அட்டையின் நகல் தெளிவாக இல்லை என்பது காரணம். இ-சேவை மையத்தில் செல்போனில் எடுத்து ஏற்றிய படம் அது. நிராகரிக்கப்பட்ட மனு என்பதால் மறுபடியும் கட்டணம் கட்டி, மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினார். மாவட்ட அலுவலகத்தின் கண்காணிப்புத் திரையிலோ முதல் மனு, குறித்த காலத்துக்குள் 'முடிவு செய்யப்பட்டவை' என்ற கணக்கில் சேர்ந்துவிட்டது. மனுதாரருக்கு ஓடும் கடிகாரம் வேறு, துறைக்கு ஓடும் கடிகாரம் வேறு என்பதை அன்றுதான் கண்ணெதிரே பார்த்தேன்.

இவ்வகைச் சான்றிதழ்களில் இரண்டு படிகளை நீக்கிவிடலாம், கிராம நிர்வாக அலுவலரின் விசாரணையே முடிவாகட்டும், நூற்றுக்கு ஐந்து மனுக்களை மட்டும் மேலதிகாரி நேரில் மறுவிசாரணை செய்யட்டும் என்று டு-பி அறிக்கையில் எழுதினேன். ஆய்வுக் கூட்டத்தில் எவரும் அதை மறுத்துப் பேசவில்லை. நல்ல யோசனை என்றார்கள். விதியைத் திருத்த வேண்டியிருக்கும் என்பதால் திட்டத்தின் 'இரண்டாம் கட்டத்தில்' எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். அறிக்கை ஏற்கப்பட்டது. பணம் வந்தது. மென்பொருள் அதே மூன்று கட்டங்களோடு கட்டப்பட்டது, ஒவ்வொரு கட்டத்துக்கும் தனித்தனிக் கடவுச்சொல்லோடு. திட்டத்தின் இரண்டாம் கட்டம் என்று ஒன்று வரவேயில்லை. கூட்டத்தில் எழுந்து நின்று, இப்படியானால் என் அறிக்கையைத் திரும்பத் தாருங்கள் என்று நான் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை.

அந்த இரண்டு படிகள் ஏன் அசையவில்லை என்பதைத் துணை வட்டாட்சியர் பிறகு தேநீர்க் கடையில் விளக்கினார். ஒரு படியை நீக்குவதால் மிச்சமாகும் நேரம் மனுதாரருக்குப் போகிறது. அந்தப் படி இல்லாமல் தவறு ஏதேனும் நடந்துவிட்டால் வரும் 17பி குறிப்பாணை, அதாவது ஒழுங்கு நடவடிக்கைக்கான குற்றச்சாட்டு, அலுவலருக்கு வருகிறது. மூன்று கையெழுத்து இருந்தால் பழியும் மூன்றாகப் பிரியும். தணிக்கைக்காரர்கள் கேட்பதும் கையெழுத்து இருக்கிறதா என்றுதானே தவிர, அந்தக் கையெழுத்தால் என்ன பயன் என்று அவர்கள் கேட்பதில்லை. இதை அச்சம் என்று மட்டும் சொல்லித் தள்ளிவிட முடியாது. அலுவலரின் இடத்தில் இருந்து பார்த்தால் இது முழுக்க முழுக்க விவேகம். ஆகவே, முறையை மாற்றும் வேலையில் கணினி கடைசியில் வருவது. எவர் ஒருவர் தனித்து 'சரி' என்று சொல்லலாம், அப்படிச் சொன்னதற்காக அவர் பின்னால் தண்டிக்கப்பட மாட்டார் என்பதை எந்த ஆணை உறுதி செய்யும் என்பவைதான் முதலில் வர வேண்டியவை. இந்த இரண்டையும் ஆலோசகரால் அறிக்கையில் எழுத மட்டுமே முடியும். ஆணை பிறப்பிப்பது உங்கள் கையில் இருக்கிறது.

தனியார் நிறுவனங்களில் எங்கள் வேலை எப்படி நடக்கிறது என்பதையும் சொன்னால் வேறுபாடு புரியும். திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம் என்னை அழைத்தது. நூல் வாங்கி, துணி பின்னும் நிட்டிங்குக்கு அனுப்பி, அங்கிருந்து சாயம் ஏற்றும் டையிங், பிறகு துணியைச் சீராக்கும் காம்பாக்டிங் என்று துணி ஊரெல்லாம் சுற்றிவிட்டுத்தான் கட்டிங் மேசைக்கு வரும். ஒவ்வோர் இடத்துக்கும் சரக்கோடு போகும் டெலிவரி சலான் என்ற ஒரு டிசி, ஒவ்வோர் இடத்திலிருந்தும் ஒரு பில். இப்படி வெளியே கொடுத்துச் செய்யும் ஜாப் ஒர்க் பில்கள் பாஸ் ஆக ஒன்றரை மாதம் ஆனது. பணம் தாமதமானதால் நல்ல டையிங்காரர்கள் இவர்களுடைய துணியைக் கடைசியில் போட்டார்கள். முதல் சந்திப்பிலேயே முதலாளி, "ரிப்போர்ட் எனக்கு எதுக்குங்க? பில்லு எத்தனை நாள்ல பாஸாகும், அதைச் சொல்லுங்க" என்றார். பத்து நாளில் பாஸ் ஆக வேண்டும், மூன்று மாதம் தொடர்ந்து அப்படி நடந்தால்தான் கட்டணத்தின் பாதி என்று எழுதி வாங்கிக்கொண்டார். என் தொழில் வாழ்வில் அவ்வளவு அக்கறையாக நான் வேறெங்கும் உழைத்ததில்லை என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

தாமதத்துக்குக் காரணம் கணக்குப் பிரிவில் இல்லை. சாயம் ஏற்றும்போது துணியின் எடை குறையும். அதைப் புராசஸ் லாஸ் என்பார்கள். எவ்வளவு குறையலாம் என்பதில் ஒவ்வொரு பில்லுக்கும் தகராறு. டையிங்காரர் போட்ட எடையும் குடோனில் போட்ட எடையும் ஒத்துப்போகாது. கணக்குப் பிரிவில் மூன்று பேர் நாள் முழுவதும் போனில் இதையே பேசிக்கொண்டிருந்தார்கள். தீர்வு குடோன் சூப்பர்வைசரிடம் இருந்தது. அவர் பல ஆண்டுகளாக ஒவ்வொரு டிசியின் பின்புறத்திலும் பென்சிலால் இரண்டு எடைகளையும் எழுதி, வித்தியாசத்தையும் குறித்து வைத்திருந்தார். எவரும் கேட்காமலே அவர் எழுதிய அந்தக் குறிப்புகளைத் தொகுத்துப் பார்த்தபோது, எந்தத் துணிக்கு எந்த நிறத்தில் வழக்கமாக எவ்வளவு குறையும் என்பது தெளிவாகவே தெரிந்தது. அந்த அளவை ஆர்டரிலேயே முன்கூட்டி எழுதிவிட்டோம். வண்டி வந்ததும் டையிங் டிரைவர் முன்னிலையில் வாசல் கேட்டிலேயே ஒருமுறை எடை போட வேண்டும். ஒப்புக்கொண்ட அளவுக்குள் இருந்தால் அப்போதே பில் பாஸ். கணக்குப் பிரிவில் இருந்த மூவரில் ஒருவர் கேட்டுக்கு வந்தார். மென்பொருளில் நாங்கள் சேர்த்தது ஒரே ஒரு வரி.

இந்த யோசனையை நான் கண்டுபிடித்ததாகச் சொல்லிக்கொள்ள முடியாது. எங்கள் தொழிலின் தொடக்கப் பாடமே இதுதான். 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஃபோர்டு நிறுவனத்தில், வட அமெரிக்கப் பிரிவில் மட்டும், சப்ளையர்களுக்குப் பணம் வழங்கும் பகுதியில் 500 பேருக்கு மேல் வேலை செய்தார்கள். கணினியைக் கொண்டு அதை 400 பேராகக் குறைக்கலாம் என்று திட்டமிட்டிருந்தபோது, மஸ்டா நிறுவனத்தில் அதே வேலையை 5 பேர் செய்வதை அறிந்தார்கள். நிறுவனத்தின் அளவு வேறுபாட்டைக் கழித்துப் பார்த்தாலும் அது வெட்கப்படத் தக்க இடைவெளி. கொள்முதல் ஆணை, சரக்கு வரவுச் சீட்டு, பில் ஆகிய மூன்றிலும் 14 விவரங்களை ஒத்துப் பார்ப்பதிலேயே ஃபோர்டு ஊழியர்களின் காலம் கழிந்துகொண்டிருந்தது. சரக்கு வந்து சேர்ந்ததும், ஆணையோடு ஒத்திருந்தால் பணம் தந்துவிடலாம், பில்லே வேண்டாம் என்று முறையை மாற்றிய பிறகு, ஒத்துப் பார்க்க வேண்டிய விவரங்கள் மூன்றாயின. ஆள் தேவை முக்கால் பங்கு குறைந்தது. பேராசிரியர் மைக்கேல் ஹேமர் 1990இல் எழுதிய கட்டுரையால் உலகறிந்த இந்தக் கதையை அப்படியே நாம் பெயர்த்து வைக்க முடியாது, ஜி.எஸ்.டி. உள்ளீட்டு வரவுக்கு இங்கே பில் இருந்தே ஆக வேண்டும். ஆனாலும் திருப்பூர் கேட்டில் நடந்தது அதன் சாரம்தான். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஹேமரின் கருத்து அடுத்த சில ஆண்டுகளில் ஆட்குறைப்புக்கு மறுபெயராகிவிட்டது. மனிதர்களைப் பற்றிப் போதிய அளவு தாம் எண்ணிப் பார்க்கவில்லை என்று பின்னாளில் அவரே ஒப்புக்கொண்டார். உங்கள் அலுவலர் சங்கங்கள் எங்களைச் சந்தேகத்தோடு பார்ப்பதில் நியாயம் இருக்கிறது என்பதற்காகவே இதைக் குறிப்பிடுகிறேன்.

அரசுத் துறையில் இது நடக்காது என்று சொல்வோருக்குக் கடவுச்சீட்டுச் சேவையைக் காட்டுவது வழக்கம். நானும் காட்டுவேன், ஆனால் பாதிப் பாராட்டோடு. வெளியுறவு அமைச்சகம் 2008இல் டாடா கன்சல்டன்சி சர்வீசஸ் நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்து, 2010இல் சோதனை முறையில் மையங்களைத் திறந்து, 2012க்குள் நாடெங்கும் 77 மையங்களை அமைத்தது. ஏ கவுண்டரில் நிறுவன ஊழியர் படமும் கைரேகையும் எடுத்து ஆவணங்களைப் பதிவு செய்கிறார். பி கவுண்டரில் அரசு ஊழியர் ஆவணங்களைச் சரிபார்க்கிறார். சி கவுண்டரில் முடிவெடுக்கும் அதிகாரியே அமர்ந்திருக்கிறார். முன்பு மனுதாரர் வீட்டில் காத்திருக்க, கோப்பு மேசை மேசையாகப் போய்க்கொண்டிருந்தது. இப்போது மனுதாரர் நடக்கிறார், முடிவெடுப்பவர் அதே கூடத்தில் அதே காலை வேளையில் அவரைப் பார்க்கிறார். அரைகுறையான ஆவணத்துக்காக மூன்று வாரம் கழித்துக் கடிதம் வருவதற்குப் பதில், அப்போதே வாய்மொழியாகச் சொல்லப்படுகிறது. நிறுவனத்துக்கான கட்டணமும் அறிக்கைகளைப் பொறுத்து அமையாமல், முடித்துக் கொடுக்கும் விண்ணப்பங்களையும் சேவைத் தரத்தையும் பொறுத்து அமைந்தது. இவ்வளவும் மெச்சத் தக்கவை. ஆனால், காவல்துறை விசாரணை என்ற படி மையத்துக்கு வெளியே, மாநிலக் காவல் நிலையங்களில் இருந்ததால், மையத்தில் மிச்சமான நாள்கள் பலருக்குக் காவல் நிலையத்தில் செலவாயின. நோட்டரி முன் கையெழுத்திட்ட உறுதிமொழிகளும் இணைப்புப் படிவங்களும் அப்படியே தொடர்ந்தன. 2016 டிசம்பரில்தான் 15 இணைப்புகள் 9 ஆகக் குறைக்கப்பட்டு, வெற்றுத் தாளில் தாமே கையெழுத்திட்டுத் தந்தால் போதும் என்று விதி மாறியது. ஒப்பந்தத்துக்கும் இந்த மாற்றத்துக்கும் இடையே 8 ஆண்டுகள். இந்த மாற்றத்துக்கு ஒரு கணினிகூடத் தேவைப்பட்டிருக்காது.

நம் மாநிலத்திலும் அசலான மாற்றங்கள் நடந்திருக்கின்றன, அவற்றைச் சொல்லாமல் விடுவது நன்றியின்மை. 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்டுவோருக்குச் சுயசான்று அடிப்படையில் உடனடிக் கட்டட அனுமதி தரும் முறை 2024 ஜூலையில் வந்தது. மனுதாரரின் உறுதிமொழியை நம்பி அனுமதி தந்துவிட்டு, தவறு செய்வோரைப் பின்னர் பிடிப்பது என்று அதிகாரத்தின் இருப்பிடத்தையே அது மாற்றியது. நிலத்தைப் பிரித்து அளக்கும் உட்பிரிவு தேவைப்படாத இனங்களில், விற்பவர் பெயரிலேயே பட்டா இருந்தால், பத்திரப் பதிவோடு பட்டா மாறுதலும் தானாகவே நடக்கும் முறையும் அத்தகையதே. இவற்றோடு 1980ஐ ஒப்பிட்டுப் பாருங்கள். அந்த ஆண்டு நவம்பரில் அவசரச் சட்டம் மூலம் கர்ணம், முன்சீப் உள்ளிட்ட பகுதிநேரக் கிராம அலுவலர் பதவிகள் ஒழிக்கப்பட்டு, முழுநேரக் கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தார்கள். சமூக நீதியின் கண் கொண்டு பார்த்தால் அது பெரிய மாற்றம். பரம்பரையாகக் கணக்கு எழுதிய கை மாறியது; ஆனால் அ-பதிவேடு, அடங்கல், சிட்டா என்ற நிலக் கணக்குகளும், அவற்றின் நகலுக்காக ஊர் மக்கள் ஓர் ஆளைத் தேடிப் போக வேண்டிய நிலையும் பல பத்தாண்டுகள் அப்படியே இருந்தன. ஆளை மாற்றுவது, கருவியை மாற்றுவது, முறையை மாற்றுவது ஆகிய மூன்றும் வேறு வேறு வேலைகள். ஒப்பந்தப்புள்ளி ஆவணங்களில் இவை மூன்றும் ஒரே சொல்லால் குறிக்கப்படுவதால்தான், நடுவில் உள்ள கருவி மட்டும் வாங்கப்பட்டு மற்றவை மறக்கப்படுகின்றன.

அவ்வப்போது நடக்கும் சிறப்பு முகாம்களைப் பற்றியும் ஒரு சொல். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் எல்லோரும் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் வரிசையாக உட்கார, காலையில் மனு கொடுத்தவர் மாலையில் சான்றிதழோடு வீடு திரும்புகிறார். மறுநாள் செய்தித்தாளில் படம் வருகிறது. என் தொழில்கண்ணுக்கு அந்தப் படம் ஓர் ஒப்புதல் வாக்குமூலமாகத் தெரிகிறது. அதே ஆட்கள், அதே விதிகள், அதே மென்பொருள் இருந்தும் ஒரே நாளில் முடிகிற வேலைக்கு மற்ற நாள்களில் வாரக்கணக்கில் ஆவது ஏன் என்ற கேள்விக்கு விடை அந்த மைதானத்திலேயே இருக்கிறது. முகாம் நடந்த மறுநாள் அங்கே உட்கார்ந்திருந்தவர்களை அழைத்து, நேற்று எந்தப் படியைத் தாண்டினீர்கள், எதனால் தாண்ட முடிந்தது என்று ஒரு மணி நேரம் கேட்டு எழுதிக்கொண்டால், எங்களைப் போன்றவர்கள் பல மாதம் எழுதும் நிலவர அறிக்கை பாதி தயாராகிவிடும்.

சான்றிதழ் என்பது எங்கிருந்து பிறக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். வருவாய்த் துறை தனக்காக வருமானச் சான்று கேட்பதில்லை. வேறு துறை கேட்பதால் மனுதாரர் வருகிறார். முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்கு ஆண்டு வருமான வரம்பு 72,000 ரூபாயாக இருந்த காலத்தில், அந்த எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டே பலர் கிராம நிர்வாக அலுவலரிடம் வந்தார்கள். தினக்கூலிக்குப் போகும் ஒருவரின் ஆண்டு வருமானத்தை எந்த ஆவணத்தைக் கொண்டு அவர் எழுதுவார்? இந்த இடத்தில் சான்றிதழ் வழங்கும் வேகத்தை இரட்டிப்பாக்கும் ஆலோசனையைவிட, ஏற்கெனவே அரசிடம் உள்ள குடும்ப அட்டை விவரத்தைக் கொண்டு கேட்கும் துறையே முடிவெடுத்துக்கொள்ளட்டும் என்ற ஆலோசனைக்கு மதிப்பு அதிகம். ஆனால் வருவாய்த் துறை அமர்த்திய ஆலோசகர், சான்று கேட்கும் வேறு துறையின் படிவத்தைத் தொட முடியாது. அது எங்கள் ஒப்பந்த எல்லைக்கு வெளியே என்று முதல் கூட்டத்திலேயே சொல்லிவிடுவார்கள்.

இனி, உங்களிடம் நான் கேட்பவை. ஆலோசகரின் கட்டணத்தில் பெரும்பங்கு, நீக்கப்பட்ட படிகளுக்கும் அதற்கான அரசாணை வெளியானதற்கும் அதன்பின் மனுதாரரின் கடிகாரத்தில் குறைந்த நாள்களுக்குமே தரப்பட வேண்டும். திருப்பி அனுப்பிய மனுவின் நாள்களும் அந்தக் கடிகாரத்தில் சேர வேண்டும். ஆணை பிறப்பது ஆலோசகர் கையில் இல்லையே என்று என் தொழிலில் உள்ளோர் வாதிடுவார்கள். உண்மைதான், அதனால்தான் அது இரு தரப்பையும் கட்டும் நிபந்தனையாக இருக்க வேண்டும். குறித்த நாளுக்குள் துறை ஏற்கவோ காரணம் காட்டி மறுக்கவோ வேண்டும், 'இரண்டாம் கட்டம்' என்ற மூன்றாவது பதில் ஒப்பந்தத்தில் இருக்கக் கூடாது.

நிலவர அறிக்கையின் ஒவ்வொரு படிக்கும் எதிரே, அது எதனால் நடக்கிறது என்று எழுதும் ஒரு பத்தியைக் கட்டாயமாக்குங்கள்: சட்டமா, விதியா, அரசாணையா, சுற்றறிக்கையா, வழக்கமா? நான் பார்த்த அலுவலகங்களில் இந்தப் பத்தியை நிரப்பத் தொடங்கியதுமே கூட்டத்தில் மௌனம் நிலவும்; 'விதியில் இருக்கிறது' என்று சொல்லப்பட்ட படிகள் பல, என்றோ ஒரு தணிக்கைக் குறிப்புக்குப் பயந்து ஒருவர் தொடங்கிவைத்த வழக்கங்களாக இருந்தன. வழக்கத்தை நீக்க அமைச்சரவை கூட வேண்டியதில்லை. ஆவண நகல்களில் அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரியின் பச்சை மைக் கையெழுத்துக்கு மாற்றாக மனுதாரரே சான்றொப்பமிடலாம் என்று மத்திய அரசு 2014இல் வலியுறுத்தியதே, அதற்கு எந்த ஆலோசகருக்கும் கட்டணம் தரவில்லை.

இந்த நிலவர அறிக்கையை வெளியிடுங்கள் என்றும் கேட்கிறேன். முடிவெடுப்பதற்குப் பின்பற்றும் நடைமுறையையும் அதன் மேற்பார்வைப் படிநிலைகளையும் ஒவ்வொரு பொது அதிகார அமைப்பும் தானாகவே வெளியிட வேண்டும் என்று 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 4ஆம் பிரிவில் சொல்கிறது. அப்படியிருக்க, மக்கள் பணத்தில் வரையப்பட்ட அந்தப் படத்தை இரகசியம் காக்கும் நிபந்தனையோடு பெட்டியில் பூட்டி வைப்பதற்கு எந்த நியாயமும் எனக்குத் தெரியவில்லை.

குழுவில் யார் இருக்க வேண்டும் என்பதிலும் மாற்றம் தேவை. தொழில்நுட்ப மதிப்பெண்ணுக்காக நாங்கள் இணைக்கும் தன்விவரக் குறிப்புகளில் உள்ள மூத்தவர்கள் தொடக்கக் கூட்டத்துக்கும் நிறைவுக் கூட்டத்துக்கும் வருவார்கள். நடுவில் உங்கள் அலுவலகத்துக்கு வருபவர்கள் கல்லூரி முடித்து ஓரிரு ஆண்டுகளான பிள்ளைகள். அவர்கள் புத்திசாலிகள், ஆனால் கோப்புக்கு இடும் ந.க. எண் என்றால் என்ன, எழுத்தர் தம் கோப்புகளைக் குறித்து வைக்கும் தன்பதிவேடு எதற்கு என்று கற்கவே பாதிக் காலம் போய்விடும். அதே வேலையை இருபது ஆண்டு செய்த எழுத்தர்களும் ஆய்வாளர்களும் மூன்று நான்கு பேரை அயல்பணியில் குழுவில் சேர்த்து, அறிக்கையில் அவர்கள் பெயரையும் அச்சிடுங்கள். நீள நோட்டும் பென்சில் குறிப்பும் வைத்திருப்பவர்கள் அவர்கள்தான். அரசாணைப்படி நீக்கப்பட்ட படியைப் பின்பற்றாததற்காக எவர் மீதும் 17பி பாயாது என்ற ஒரு வரியை அந்த ஆணையிலேயே சேர்த்துவிட்டால், அவர்கள் வாய் திறப்பார்கள். நீக்கிய படிகளில் மிச்சமாகும் ஆட்கள் கள வேலைக்குப் போவார்கள் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

மென்பொருளுக்கான ஒப்பந்தப்புள்ளியை, புதிய முறை ஒரு தாலுகாவிலாவது ஆறு மாதம் காகிதத்தில் நடந்து பார்த்த பின்னரே கோருங்கள். துறைகளுக்கு இடையிலான படிவங்களைப் பற்றிய பணிகளைத் தலைமைச் செயலாளரின் மேற்பார்வையில் வையுங்கள்; ஒரு துறையின் ஆலோசகரால் இன்னொரு துறையின் கதவைத் தட்ட முடியாது.

ஒப்பந்தப்புள்ளிக்கு முந்தைய கூட்டங்களில் ஐயங்களை எழுத்து மூலம் கேட்கும் வாய்ப்பு எங்களுக்கு உண்டு. இனி நான் பங்கேற்கும் ஒவ்வொரு கூட்டத்திலும், கட்டணத்தில் எத்தனை பங்கு நீக்கப்பட்ட படிகளுக்கு என்பதை முதல் ஐயமாகக் கேட்கப்போகிறேன். அந்த நிபந்தனைக்கு உட்பட்டு, பாதிக் கட்டணத்தை ஓராண்டு உங்களிடமே விட்டுவைக்கவும் நான் ஆயத்தமாக இருக்கிறேன். திருப்பூர் முதலாளிக்குக் கொடுத்த அதே கடிதத்தை உங்களுக்கும் கொடுப்பதில் எனக்குத் தடையில்லை. உங்கள் பதிலை எழுத்து மூலமே எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
செயல்முறைச் சீரமைப்பு ஆலோசகர் ஒருவர்,
கோயம்புத்தூர்.